நிலவில் பச்சை இல்லை

என் மகனே,

கண்டி ஸ்டேஷனில் கொழும்பு வண்டி புறப்படும் நேரம், யன்னலால் குனிந்து நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. "அம்மா, மாத்தளை ஆக்களிட்டை என்ரை கண்ணைப் பற்றி ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றாய். நான் வாய் திறக்குமுன் உன் மாமி, "அதை ஆர் கதைக்கப் போகினம்? நீ போட்டு வா ராசா" என்று எனக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா கார்ட்டின் பச்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி போய்விட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விடுமுறை. மாமி தன் மகளைப் பார்க்க மடுல்கெல்லைக்குப் போயிருக்கிறாள். அப்பா கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எழுதுவதற்கு இதைவிட நல்ல பகல் எனக்கு வாய்க்காது.

சனிக்கிழமை நீ வருகிறாய். ஞாயிறன்று எல்லோரும் மாத்தளைக்குப் போய்க் கல்யாணத்துக்கு நாள் வைக்கப் போகிறோம். தபாற்கந்தோர் மாஸ்டரின் மகள் தவமணியை உனக்குப் பிடித்திருக்கிறது என்று நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, சோற்றில் குழம்பு விடாமலே பாதிச் சோற்றைத் தின்று முடித்தாய். மாமி கேட்டபோது "குழம்பு நல்லாயிருக்கு" என்றாய். பிடித்ததனால்தான் பயப்படுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். கண்ணால் ஒருமுறை ஒரு வாழ்க்கை உன் கையை விட்டுப் போனது. இரண்டாவதும் போய்விடுமோ என்ற பயம் உனக்கு வந்தால் அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்வதற்கு, நாம் இருவரும் சேர்ந்து கீறிய அந்த நிலவுப் படத்தின் கதையை நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதை உனக்குத் தெரியும். நான் அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன் என்பது தெரியாது.

நீ சின்னவனாக இருந்தபோது உன் கண்ணில் எந்தக் குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. தூரத்து மலையில் ஆடு மேய்வதை எல்லோருக்கும் முன்னால் நீதான் காட்டுவாய். ஜம்பு மரத்தில் ஏறினால் பழமும் காயுமாகக் கலந்து கொண்டுவருவாய். பொறுமை இல்லாத பிள்ளை என்று நினைத்தோம். பிறகு விரலால் அமத்திப் பார்த்துப் பிடுங்கப் பழகிக்கொண்டாய். பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தோம். நான் சித்திரம் படிப்பிக்கிறவள். என் வண்ணக் கட்டிகளில் நிறத்தின் பேர் எழுதிய கடதாசிச் சுற்று இருக்கும்வரை நீ மரத்துக்குப் பச்சை பூசுவாய்; சுற்றுக் கிழிந்தபின் உன் மரங்கள் மண்ணிறமாக வரும். ஆசிரியைகளின் கூட்டம் ஒன்றில் உன் மண்ணிற மாமரத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை தன் மனத்தில் உள்ள மரத்தைக் கீறியிருக்கிறான் என்று பெருமையாகப் பேசியவள் உன் அம்மா. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நீ கண்டதை அப்படியே கீறியிருந்தாய்.

ரயில்வே சோதனைக்கு நீ எல்லாப் பாடத்திலும் தேறினாய். அப்பா உனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை மனத்துக்குள் எப்போதோ தைத்து வைத்துவிட்டார். கடைசியில் கண் டொக்டரிடம் அனுப்பினார்கள். மேசையில் கம்பளி நூல் கட்டுகளைக் குவித்து, இளம்பச்சைக் கட்டு ஒன்றைத் தனியே வைத்து, இதைப்போல உள்ளதை எல்லாம் எடு என்றாராம். நீ சாம்பலையும் ரோசாவையும் கபிலத்தையும் அள்ளி வைத்தாய். சிவப்பும் பச்சையும் பிரிக்கத் தெரியாதவன் கையில் ஒரு சிக்னலைக் கொடுக்க முடியாது என்று அவர் சொன்னது நியாயம்தான். அதை அன்றும் நான் நியாயம் என்றேன். ஆனால் நீ வீட்டுக்கு வந்து அந்தச் சாய்வுக் கதிரையில் இருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா உன்னோடு நேரே கதைப்பதை நிறுத்திவிட்டார். கோபத்தால் அல்ல, என்ன கதைப்பது என்று தெரியாததால். "அவன் சாப்பிட்டானோ?" என்று என்னைக் கேட்பார், நீ அடுத்த கதிரையில்தான் இருப்பாய்.

அந்த மாதங்களில்தான் எனக்கு எண்ணெய் வர்ணப் பெட்டி கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த வெள்ளைக்கார மிஸ் சீமைக்குத் திரும்பிப் போகும்போது அதை எனக்கு விட்டுப்போனார். பாதி பிதுக்கிய ஈயக் குழாய்கள், சில தூரிகைகள், ஒரு தட்டைக் கத்தி. அதுவரை நான் தண்ணீர் வர்ணத்தில் பூச்சாடி கீறிக்கொண்டிருந்தவள். எண்ணெய் வர்ணத்தில் என்ன கீறுவது என்று நான் யோசிக்கவே இல்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டு அப்பாவுக்காக விறாந்தையில் நிற்கும்போது, பூரணை நாட்களில் மகாவலியின் மேல் நிலவு ஏறுவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆறு, இக்கரையில் மூங்கில் புதர், கட்டுகஸ்தோட்டை ரயில் பாலம், அதற்கு அப்பால் மலை. அதைத்தான் கீற வேண்டும் என்று தோன்றியது.

முதற் படத்தை நான் தனியாகக் கீறினேன். விறாந்தையில் மண்ணெண்ணெய் லாம்பைப் பக்கத்தில் வைத்து, நிலவைப் பார்த்துப் பார்த்துப் பூசினேன். மூங்கிலுக்கு நல்ல கரும்பச்சை, அக்கரை வீட்டு ஓட்டுக்குச் செம்மண் நிறம், நிலவுக்கும் தண்ணீரில் விழுந்த ஒளிக்கும் வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள். லாம்பு வெளிச்சத்தில் அது வெள்ளையாகவே தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் மஞ்சள். மிகவும் திருப்தியோடு படுத்தேன். விடிந்ததும் அப்பா கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். "இஞ்சாரும், நிலவுக்கு மஞ்சள்காமாலையோ?" என்றார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. லாம்பின் மஞ்சள் வெளிச்சம் என் மஞ்சளை எல்லாம் விழுங்கி வைத்திருந்து காலையில் திருப்பிக் கக்கியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அப்போது நீ எழுந்து வந்தாய். நாட்கணக்கில் சரியாகக் கதைக்காதவன், கதவில் சாய்ந்துகொண்டு, "மஞ்சளை விடுங்கோ அம்மா. மலை வானத்தைவிட வெளிச்சமாக் கிடக்கு. அதுதான் பெரிய பிழை. மூங்கிலும் பாலமும் ஒரே இருட்டு, எது முன்னுக்கு எது பின்னுக்கு எண்டு தெரியேல்லை" என்றாய்.

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். நீ சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. மலைக்கு நான் நீலப்பச்சை பூசியிருந்தேன். அந்த நிறத்தின் அழகில் மயங்கி, அது எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்கவில்லை. நிறம் உன்னை மயக்கவில்லை. உனக்கு அது வெளிச்சமும் இருட்டும்தான். நிலவிலோ உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் கண் டொக்டரைக் கொண்டுவந்து பூரணை நிலவில் அந்தக் கம்பளிக் கட்டுகளின் முன்னால் இருத்தினால், அவரும் உன்னைப்போல அள்ளி வைப்பார். இதை அன்று காலை நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். "அப்ப வாற பூரணைக்கு நீயும் ஆத்தங்கரைக்கு வா" என்று மட்டும் கேட்டேன். வந்தாய்.

அந்த வேலை முறையை உண்டாக்கியவன் நீதான். நிலவில் நின்று வர்ணம் பூச முடியாது, லாம்பும் ஆகாது என்று கண்டபின், பார்த்து மனத்தில் எழுதிக்கொண்டு வந்து பகலில் பூசுவது என்று முடிவு செய்தோம். நான் ஆற்றைப் பார்ப்பேன். பிறகு ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்பேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பாய்.

"சொல்லுங்கோ. எது கூட வெளிச்சம், தண்ணியோ வானமோ?"

"தண்ணி."

"எல்லா இடத்திலையுமோ?"

"நிலவு விழுற இடத்திலை மட்டும். மற்ற இடத்திலை வானம்."

"சரி. எது கூடக் கறுப்பு, பாலமோ மூங்கிலோ?"

"பாலம்."

"இல்லை. பாலம் இரும்பு எண்டபடியால் சொல்லுறியள். திரும்பிப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

மடவளையிலிருந்து துணி விற்க வருகிற முஸ்லிம் காக்கா ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த வழியால் போனவர், நின்று பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, புள்ளைகிட்ட பாடம் ஒப்புவிக்கிறீங்களா? நல்லா அடி போடுங்க மகன், பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைகள் அழுவுற அழுகைக்கு" என்று சொல்லிப் போனார். நீ வாய்விட்டுச் சிரித்தாய். சோதனைக்குப் பிறகு நான் கேட்ட முதற் சிரிப்பு அது. என்னுடைய மாணவிகள் படுகிற பாடும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சரியான விடை வாயில் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை மறந்து நெடுநாளாகியிருந்தது.

பகலில் நாம் வர்ணம் கலந்தோம். நீ பக்கத்தில் இருந்து பார்க்கும்போது உன்னைக் குழப்பக்கூடாது என்று பச்சைக் குழாயையும் சிவப்புக் குழாயையும் பெட்டியில் வைத்து மூடினேன். உனக்காகத்தான் மூடினேன். சில நாளில் அவை எனக்கே தேவைப்படவில்லை. நீலமும், சுட்ட மண் போன்ற கபிலமும், வெள்ளையும் போதுமாக இருந்தன. படத் துணி முழுவதும் முதலில் கபிலம் பூசி உலர விட்டோம். அதன்மேல் நீலம் போட்டால் அடியிலிருந்து ஒரு சூடு எட்டிப் பார்த்தது. வெறும் துணியில் போட்ட நீலத்தில் அது இல்லை. நிலவைப் பெரிதாக வைக்க வேண்டாம், கையை நீட்டினால் சுண்டுவிரல் நகம் மறைக்கும் அளவுதான் என்று நீ கண்டுபிடித்தாய். வெள்ளையைச் செலவழிக்க நான் அவசரப்பட்டபோதெல்லாம் தடுத்தாய்: வானத்திலேயே வெள்ளையைக் கொட்டிவிட்டால் தண்ணீருக்கு என்ன கொடுப்பீர்கள் என்பாய். கடைசியில் ஒளி விழுந்த தண்ணீரை மட்டும் கத்தியால் தடிப்பாக இழுத்தேன். கண்டி மழைக்கு அது உலரவே மறுத்தது. ஒரு மாலை ஈசல் கிளம்பி, நேரே பறந்து வந்து நம் நிலவொளியில் ஒட்டிக்கொண்டன. மறுநாள் முழுவதும் நீயும் நானும் தையல் ஊசியால் இறகு பொறுக்கினோம். உண்மை நிலவு என்று ஈசலே நம்பிவிட்டது, இனி ஆர் என்ன சொன்னால் என்ன என்று நான் பெருமைப்பட்டேன். "ஈசலுக்கு லாம்பும் நிலவுதான்" என்றாய்.

இனித்தான் நான் சொல்ல வந்த இடம் வருகிறது. பாலத்தின் முடிவில் ரயில்வே சிக்னல் மரம் நிற்கிறது அல்லவா, மாலையில் அதில் விளக்கு எரியும். நான் அதைக் கீறவில்லை. படம் ஏறக்குறைய முடிந்தபோது நீ வந்து பார்த்தாய்.

"சிக்னல் விளக்கு எங்கை?"

"அது தேவையில்லை. படத்தைக் கெடுக்கும்."

"ஏன் கெடுக்கும்?"

நான் ஏதோ சொன்னேன். பார்வை அந்தப் பக்கம் இழுபடும், அமைதி குலையும் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அது சிவப்போ பச்சையோ எண்டு தெரியாது. அதுக்காகத்தானே விட்டனீங்கள்?" என்றாய். நான் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அங்கை இருக்கிறதை எனக்காக மறைக்க வேண்டாம் அம்மா. மறைச்சால் எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது."

நான் சிவப்புக் குழாயைத் திறந்தேன். மூடி இறுகிப்போயிருந்தது; நீதான் பல்லால் கடித்துத் திறந்தாய். தூரிகை நுனியால் ஒரு பொட்டு வைத்தேன். நிறம் உனக்குத் தெரியாது. ஆனால், "அதைச் சுத்தி உள்ள நீலத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கோ, அப்பதான் எரியும்" என்றாய். இருட்டாக்கினேன். எரிந்தது.

அன்று மாலை அப்பா தொப்பியை ஆணியில் கொழுவிவிட்டு வந்து படத்தின் முன்னால் நின்றார். பிறகு, "சிவப்பு. அப்ப மாத்தளை வண்டிக்கு இன்னும் பாதை குடுக்கேல்லை" என்றார். திரும்பி உன்னைப் பார்த்தார். நேரே உன்னை.

"ஆர், நீயோ வைக்கச் சொன்னனீ?"

"ஓம் அப்பா."

"உனக்கு அது எப்பிடித் தெரியுது?"

"எரியுறது தெரியுது. என்ன நிறம் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

"அது காணும், அவ்வளவும் போதும். வா, சாப்பிடுவம்" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் இருவரும் விறாந்தையில் கதைப்பது கேட்டது. வண்டி நேரங்களைப் பற்றித்தான் கதைத்தீர்கள். எனக்கு அது போதும். சோறு போடும்போது என் கையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் படம் பிடிக்கிற கடைக்காரர் ஒருவருக்கு அப்பாவின் சிநேகிதர் சொல்லிவிட்டார், நீ போனாய். நெகற்றிவ் கண்ணாடியைப் பார்த்த உடனேயே அது தாளில் எப்படி வரும் என்று சொல்லுகிற ஆள் இவன் ஒருவன்தான் என்று உன் முதலாளி அப்பாவிடம் சொன்னதை, அப்பா கட்டுகஸ்தோட்டை ஸ்டேஷனில் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். "இருட்டறையிலை சிவப்பு விளக்குக்குள்ளை இருந்து வேலையாம்" என்று சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார். இந்த வீட்டில் உன் கண்ணைப் பற்றிச் சிரிக்க முடிகிறது. அது சின்ன விஷயமல்ல. அதனால்தான், யன்னலால் குனிந்து நீ அப்படிக் கேட்டபோது எனக்கு அந்தச் சிவப்புக் குழாய்தான் நினைவு வந்தது. மறைக்க வேண்டாம் என்று அன்று என்னிடம் சொன்ன அதே பிள்ளை, இப்போது எனக்கு மறைக்கச் சொல்லித் தருகிறான்.

மாமி சொல்வது எனக்குத் தெரியும். "கண்ணாடிகூடப் போடாத பெடியன், அவனுக்கென்ன குறை? நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்கிறாள். "எங்கடை ஆக்களிலை இப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லை" என்றும் அப்பாவின் கூடப்பிறந்தவளாக நின்று சொல்வாள், சொல்லும்போது என் பக்கம் பார்ப்பாள். அது உண்மைதான். டொக்டர் அன்றே அப்பாவிடம் சொன்னார், இது தாய் வழியாக வருவது என்று. என் ஐயா, உன் பாட்டனார், ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் எங்களை அழைத்து, "எது பழம் எண்டு நீங்களே சொல்லுங்கோ பிள்ளையள்" என்பார். எங்களைப் பெரிய மனிதராக நடத்துகிறார் என்று நினைத்து நாங்கள் பூரித்துப்போவோம். அவர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். மாமியின் பார்வை என்னைச் சுடவில்லை. ஐயாவின் கண் உனக்கு வந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு ஒருவிதத்தில் சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் டொக்டர் இன்னொன்றும் சொன்னார். உன் மகனுக்கு இது வராது. உன் மகளுக்குப் பிறக்கும் மகனுக்கு வரலாம். அந்த மகளைப் பெறப்போகிறவளிடம் இதை மறைக்க உனக்கும் எனக்கும் மாமிக்கும் என்ன உரிமை இருக்கிறது?

அதையும் விடு, அது நீண்ட காலத்துக் கதை. உனக்குப் பிள்ளை பிறந்து, தவமணி கோயிலுக்குப் போன ஒரு காலையில் அதற்குச் சின்னமுத்து அம்மை போடுகிறது என்று வை. உடம்பெல்லாம் சிவந்திருப்பது உன் கண்ணில் படாது. அவள் திரும்பி வந்து, இதைக்கூடப் பார்க்காமல் இருந்தீர்களே என்று கேட்பாள். அப்போது சொல்லுவாயா? அன்றைக்குச் சொன்னால் அது கண்ணின் குறையாக இராது. இத்தனை நாள் சொல்லாததன் குறையாகிவிடும். சம்சாரம் என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன வேலைகள்தான் மகனே. எந்த மிளகாய் பழுத்தது, எந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டது, பிள்ளையின் நாக்கு என்ன நிறம். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் பார்த்துச் சொல்வதற்குத்தான் இரண்டு பேர். உன் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பூனை பாலைத் தட்டிவிட்டால் நான்தான் எழும்புகிறேன். எனக்குக் கணக்கு வராது. சீட்டு எடுத்தால் அவர்தான் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன் இதையெல்லாம் ஒருவரும் பேசுவதில்லை என்பது உண்மை. பேசியிருந்தால் முதல் இரண்டு வருஷத்தில் பாதிச் சண்டை இருந்திராது.

சொன்னால் அவர்கள் வேண்டாம் என்றுவிடலாம். அதை உனக்கு மறைக்க மாட்டேன். மாஸ்டர் நல்ல மனிதர்தான், ஆனால் மகளைக் கொடுக்கிறவர். அவருக்கு நூறு யோசனை வரும். வேண்டாம் என்றால் உனக்கு நோகும், எனக்கும் நோகும். அந்த நோவு ஆறும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒன்று ஆறியதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை எழுதியதை நீ வருமுன் எப்படியும் உனக்கு எழுதியிருப்பேன். ஆனால் நேற்று ஒன்று நடந்தது. தவமணியும் தாயும் கண்டியில் பிள்ளையார் கோயிலுக்கு வந்தவர்கள், திரும்பும்போது பாலத்தடியில் பஸ் மாறக் காத்து நின்ற நேரம் மழை பிடித்துக்கொண்டதால் நம் வீட்டுக்கு வந்தார்கள். தாய் அடுப்படியில் நெருப்புக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் கொண்டு நான் முன் அறைக்கு வந்தபோது, இவள் படத்தின் முன்னால் நின்றாள்.

"மாமி, இதைக் கீறினது நீங்களோ?" என்று என்னைக் கேட்டாள்.

"நானும் அவனும்."

"அவருக்குப் படம் கீற வருமோ?"

"கீற வராது. பாக்க வரும்."

கோப்பையை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு கேட்டால் குறை நினைக்க மாட்டியளே? பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு வளவிலை அவர் எங்கடை அப்பாவோடை கதைச்சுக்கொண்டு கோப்பிப் பழம் பிடுங்கினவர். நான் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஒவ்வொண்டையும் விரலாலை அமத்திப் பாத்துத்தான் பிடுங்கினவர். அப்பாவின்ரை கையிலை குடுத்ததிலை பாதி காய். கொழும்புப் பெடியனுக்குக் கோப்பி எங்கை தெரியும் எண்டு அப்பா சிரிச்சவர். ஆனால் இவர் கட்டுகஸ்தோட்டையிலை வளந்தவர்தானே மாமி. அவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்டாத்தான் தெரியுமோ?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டாகப் பிடுங்கியிருப்பான் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனில் மாமி கொடுத்த வாக்கும் உன் குனிந்த முகமும் எனக்கு நினைவு வந்தன. ஆனால் யன்னலுக்குள்ளால் நின்று இவ்வளவையும் கவனித்த பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம் பிள்ளை" என்றேன். பிறகு ரயில்வேச் சோதனையையும், கம்பளி நூலையும், டொக்டர் பேரப்பிள்ளை பற்றிச் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். நீ சொல்லாததன் காரணம் பயம் என்பதையும் சொன்னேன். அதை நீ மன்னிக்க வேண்டும். சொல்லாவிட்டால் உன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருப்பாள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். "ஒரு நன்மை. கூறைச்சேலை எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. எங்கடை அத்தான் வந்து நிறம் சொல்லத் தொடங்கி, அக்காவுக்குக் கடையிலையே கண்ணீர் வந்திட்டுது" என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே இருந்து அவளுடைய தாய், "என்ன பிள்ளை, மாமியோடை பகிடி?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அம்மா, படத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்றாள். பிறகு என்னிடம், "அப்பாவுக்கு நான் சொல்லமாட்டன் மாமி. அவர் சொல்லட்டும். அவர் சொன்னால் அப்பாவை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுடைய அப்பாவை அவள் எத்தனை நாளாகச் சமாளித்துக்கொண்டு வருகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

மழை விட்டது. வாசற் படலைவரை நான் கூடப் போனேன். தாய் முன்னால் போய்ப் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார். தவமணி பின்தங்கி நின்று, தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப மாமி, நான் அவருக்கு எப்பிடித் தெரிவன்?"

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். "அது எனக்குத் தெரியாது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அவனையே கேளும்" என்றேன். "கேப்பன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆகவே மகனே, ஞாயிறன்று மாத்தளையில் உனக்கு இரண்டு வேலை இருக்கிறது. நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை விரிக்குமுன், மாஸ்டரைக் கோப்பி மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் வாயால் சொல்ல வேண்டியது ஒன்று. அதற்கு அப்பா உன்னோடு வருவார். இன்று காலை அவரிடம் சொன்னேன், "நான் பக்கத்திலை நிக்கிறன், கதைக்கிறது அவன்" என்றார். மாமியை நான் சமாளிக்கிறேன். மற்ற வேலையில் உன்னோடு ஒருவரும் வரமுடியாது. கொழும்பிலிருந்து கண்டி நீண்ட பயணம். யன்னல் பக்கத்தில் இடம் பிடித்து இருந்துகொண்டு, அவளுடைய கேள்விக்கு உண்மையான ஒரு பதிலை யோசித்துக்கொண்டு வா.

இப்படிக்கு, உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா